ஜெசிந்தா என்று பதிந்த நம்பர்

அவருடைய பெயரை நான் கடைசிவரை கேட்கவே இல்லை. என் போனில் அந்த நம்பர் இன்றைக்கும் 'ஜெசிந்தா' என்றுதான் கிடக்கிறது. என் வகுப்பில் இருந்த எட்டுப் பிள்ளைகளின் வீட்டு நம்பர்களையும் அந்தந்தப் பிள்ளையின் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தேன். எடுப்பது தாயாக இருக்கும், சிலவேளை தகப்பனாக இருக்கும். ஜெசிந்தாவை எல்லாரும் சிந்தா என்பார்கள்; "சொல்லுங்க, சிந்தா அம்மா" என்றுதான் நான் கதையைத் தொடங்குவேன். நான் ரீச்சர், அவர் சிந்தாவின் அம்மா, அவ்வளவோடு இரண்டு வருஷம் ஓடியது. பிறகு அவர்கள் தாழ்வுபாடு என்ற அந்தக் கடற்கரை ஊரை விட்டு மன்னார்த் தீவுக்கு வெளியே எங்கேயோ போய்விட்டார்கள்.

மன்னார் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி அலகுக்கு நான் ரீச்சர். அலகு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மைதானத்துக் கரையில் ஒரு அறை, எட்டுப் பிள்ளைகள், நான். எழுத்துப் பிடிபடாத பிள்ளைகள், ஓரிடத்தில் இருக்க ஏலாத பிள்ளைகள், கதைக்கப் பிந்துகிற பிள்ளைகள். மதில் இடிந்த இடத்தால் கழுதைகள் உள்ளே வந்து யன்னலடியில் நிற்கும். "அதுகளையும் உங்கட இடாப்பில பேர் பதிஞ்சு விடுங்கோ" என்று மற்ற ரீச்சர்மார் பகிடி விடுவார்கள். நானும் சிரித்துக்கொண்டு போவேன். வீட்டுக்குப் போன பிறகுதான் கோபம் வரும்.

அந்த அம்மாவை நான் முதலில் அறிந்தது குரலால். ஒருநாள் வகுப்பில் இருக்கிறேன், வெளியே எங்கள் பள்ளிக்கூட அதிபர் சத்தமாகக் கூப்பிடுகிறார்: "ரீச்சர்மார் எல்லாரும் ஒருக்கா கந்தோருக்கு வாங்கோ." விழுந்தடித்துக்கொண்டு ஓடினால் அதிபரைக் காணவில்லை. மெலிந்த ஒரு பெண், கையைப் பிடித்தபடி ஏழு வயதுப் பிள்ளை, பின்னால் நாலைந்து தாய்மார் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதிபருடைய கரகரப்பு, 'ஒருக்கா' என்னும்போது அவர் இழுக்கிற இழுப்பு, எல்லாம் அந்தப் பெண்ணின் தொண்டையில் இருந்து வந்திருக்கிறது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ரீச்சர். இந்த வாய் சும்மா கிடக்காது" என்றார்.

யாரையும் ஒருதரம் கேட்டால் போதும், அவருக்கு வந்துவிடும். மீன் ஏலம் கூறுகிறவர், பஸ் கொண்டக்டர், மாதா கோயில் பூசையில் பிரசங்கம் வைக்கிற சுவாமி. என்னையும் விட்டுவைக்கவில்லை. நான் மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறிய குடும்பத்துப் பிள்ளை. இவ்வளவு காலம் மன்னார் டவுனில், உப்புக்குளத்தில் இருந்தும் என் பேச்சில் அந்த 'வாங்க, போங்க' போகவில்லை. அவர் அதை அப்படியே எடுத்து, தாய்மாருக்கு நடுவில் "பிள்ளைங்களா, எல்லாரும் வந்து உக்காருங்க" என்று சொன்னதை நான் யன்னலால் கேட்டேன். அச்சொட்டாக நான்தான். இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

பழகப் பழக இன்னொன்று தெரிந்தது. பகிடிக்காக மட்டும் அவர் குரல் மாற்றுவதில்லை. கதை அறுந்து நடுவில் ஒரு மௌனம் விழுந்தால் அவருக்குத் தாங்காது. உடனே யாருடைய குரலையாவது எடுத்து அதை நிரப்பிவிடுவார். அப்படிப்பட்டவருக்குப் பிறந்த பிள்ளையோ, பேசுவதற்கு முன் நிறைய நேரம் எடுக்கிற பிள்ளை. "என்ன சாப்பிட்ட?" என்று கேட்டால் சிந்தா நிலத்தைப் பார்ப்பாள், கூரையைப் பார்ப்பாள், கை விரலை ஒவ்வொன்றாகத் தொடுவாள். நான் மனதுக்குள் எண்ணுவேன். பன்னிரண்டு, பதின்மூன்று வரை போகும். அதற்குப் பிறகு நல்ல தெளிவாகப் பதில் வரும். தாயால் மூன்றுக்கு மேல் பொறுக்க முடியாது.

"இடியப்பம் சாப்பிட்டனான் ரீச்சர்" என்று அவரே சொல்லிவிடுவார். அவருடைய குரலில் அல்ல. சிந்தாவின் குரலில். மூக்கால் வருகிற, முடிவில் கொஞ்சம் ஈரமாகிற அந்தச் சின்னக் குரலில். உதடு அசைவதே தெரியாது. சிந்தா தலையைத் தூக்கித் தாயின் வாயைப் பார்ப்பாள். தன்னுடைய பதில் அங்கே எப்படிப் போனது என்று தேடுவதாகத்தான் எனக்குப் படும்.

ஒருநாள் நான் கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன். "நான் பிள்ளைக்கிட்டத்தானே கேட்டேன். அவ சொல்லுவா. நீங்க பொறுங்க."

"ஓம் ரீச்சர், பொறுக்கத்தான் வேணும். ஆனா அவ யோசிக்கிற அந்த நேரம் எனக்கு மூச்சு முட்டுது. சனம் எல்லாம் பாத்துக்கொண்டு நிக்குது எண்டு கிடக்கும்" என்றார். அங்கே நானும் அவர்கள் இரண்டு பேரும் தவிர வேறு சனமே இல்லை.

பிறகு கொரோனா வந்து பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். வட்ஸ்அப்பில் படிப்பியுங்கோ என்று மேலிடத்தில் சொன்னார்கள். கையைப் பிடித்து மணலில் எழுத்தைக் கீறிக் கீறிப் படிப்பிக்க வேண்டிய பிள்ளைகளுக்கு வட்ஸ்அப்பில் என்னத்தைப் படிப்பிக்கிறது? சொன்னவருக்கும் தெரியாது, கேட்ட எனக்கும் தெரியாது. காலையில் ஒரு படமும் மூன்று வரியும் அனுப்புவேன். பிள்ளை அதை வாசிக்க, தாய் பதிந்து பின்னேரத்துக்குள் எனக்கு அனுப்ப வேண்டும். 'வொய்ஸ் போடுறது' என்பது அதற்கு நாங்கள் வைத்த பெயர்.

வொய்ஸை விடத் தாய்மாரின் அழுகைதான் அதிகம் வந்தது. "இவன் போனைக் கண்டாலே கட்டிலுக்குக் கீழ பூந்திடுறான் ரீச்சர்" என்பார் ஒருவர். "நேத்து அடிச்சுப்போட்டன். அவன் அழேல்லை, நான்தான் இருந்து அழுதனான்" என்பார் இன்னொருவர். சமையல், மாமியாருக்கு மருந்து, தொழில் இல்லாமல் வீட்டில் குந்தியிருக்கிற புருஷன், அதற்கு மேல் இந்த மூன்று வரி. "பரவாயில்லைங்க, இன்னைக்கு விட்டுடுங்க" என்று சொல்வதைத் தவிர என்னிடம் வேறு மருந்து இருக்கவில்லை.

சிந்தாவின் அம்மா மட்டும் ஒருநாளும் முறைப்பாடு சொல்லவில்லை. முதல் இரண்டு கிழமை அங்கிருந்து ஒன்றுமே வரவில்லை. கேட்டால் கவரேஜ் இல்லை என்பார். கடற்கரைப் பக்கம் போய் நின்றால் போன் இந்தியச் சிக்னலைப் பிடித்து, இந்தியாவுக்கு நல்வரவு என்று சொல்லுமாம். "பிள்ளை படிக்கிறது தாழ்வுபாட்டில, பாடம் போய்ச் சேருறது ராமேஸ்வரத்தில" என்று அவர் சொல்ல நான் சிரித்தேன்.

மூன்றாவது கிழமை வொய்ஸ் வந்தது. மூக்கால் வருகிற, முடிவில் ஈரமாகிற குரல். "கடலில்... ஒரு... பக்கல்... க... கப்பல் போகிறது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றரை வருஷமாக நான் தலைகீழாக நின்றும் வராத வாசிப்பு, கொரோனாவில் வந்துவிட்டது. மறுநாளும் வந்தது, அதற்கு அடுத்த நாளும் வந்தது. கிழமைக்குக் கிழமை வேகம் கூடியது. நான் சும்மா இருந்தேனா? வலயக் கல்விக் கந்தோருக்கு அனுப்புகிற அறிக்கையில் முதல் பெயராகச் சிந்தாவின் பெயரைப் போட்டு, பள்ளிக்கூடம் திறந்ததும் அவளைச் சாதாரண வகுப்பில் சேர்க்கலாம் என்று எழுதினேன்; அதைத் தாய்க்கும் போனில் சொன்னேன்.

அந்த நாட்களில் ஒருதரம் அதே நம்பரில் இருந்து அவள் தகப்பன் எடுத்தார். கடலுக்குப் போகிற மனுஷன், அதிகம் கதைக்காதவர்.

"ரீச்சர், உண்மையைச் சொல்லுங்கோ. இவள் வாசிக்கிறாளா?"

"நல்லா வாசிக்கிறா. நீங்க கேக்கலையா?"

"நான் வீட்டில நிக்கேக்க வாய் திறக்கிறாள் இல்லையே."

"அப்பாமாருக்கு முன்னால பிள்ளைங்களுக்குக் கூச்சம் வரும்" என்று பெரிய அனுபவசாலியாகச் சொன்னேன்.

அவர் சொன்னார்: "பள்ளிக்கூடம் திறக்கேக்க இவள் வாசிக்காட்டி, சிஸ்டர்மாரின்ர இல்லத்தில கொண்டுபோய் விடுவம் எண்டு நான் மனுசிக்குச் சொல்லிப்போட்டன். அங்க இப்பிடிப் பிள்ளையளைப் பாப்பினம். எனக்குப் பிள்ளையில கோபம் இல்லை ரீச்சர். தாய்க்காரியைப் பாக்கத்தான் பயமாக் கிடக்கு. தனிய இருந்து கதைக்கிறா."

"யாருதான் இப்ப தனியா கதைக்கல?" என்று சொல்லிப் போனை வைத்தேன். எனக்கு அப்போது அந்த வாசிப்பில்தான் பெருமை.

'பக்கல்' என்ற சொல்தான் என்னை உறுத்தத் தொடங்கியது. சிந்தாவைத் தெரிந்த எனக்கு அவளுடைய பிழைகளையும் தெரியும். அவள் ஒரு சொல்லை இன்று பிழை விட்டமாதிரி நாளைக்கு விடமாட்டாள். 'கப்பல்' என்ற சொல்லை ஒருநாள் 'பக்கல்' என்பாள், ஒருநாள் 'கல்பப்' என்பாள், இன்னொருநாள் எழுத்தையே பார்க்காமல் படத்தைப் பார்த்து 'வள்ளம்' என்பாள். ஆனால் போனில் வருகிற சிந்தா, கப்பல் எந்த இடத்தில் வந்தாலும் 'பக்கல்' என்றாள். அதற்குப் பிறகு ஒரே அளவு நிறுத்தம், ஒரே மாதிரி 'க... கப்பல்'. ஐந்து வொய்ஸ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் கேட்டேன். ஐந்திலும் பிழை ஒரே பிழை. பிள்ளை பிழை விடுகிறது, யாரோ அந்தப் பிழையைப் பாடமாக்கி வைத்திருக்கிறார்கள்.

ஊரடங்கு தளர்ந்ததும், பயிற்சித் தாள் கொடுக்கிற சாட்டில் தாழ்வுபாட்டுக்குப் போனேன். றோட்டில் ஒரு குருவி இல்லை. கழுதைகள்தான் நடு வீதியில் கூட்டமாக நின்றன, ஹோன் அடித்தும் விலகவில்லை. அவர்களுடைய ஒழுங்கையில் கருவாடு காயப்போட்டிருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. ஸ்கூட்டியை நிறுத்திப் படலையில் கை வைத்தபோது உள்ளே என் குரல் கேட்டது.

நான்தான் கதைத்துக்கொண்டிருந்தேன். "நல்ல புள்ளதானே. கையை எடுங்க. இங்க பாருங்க." அந்த 'ங்க' என்னுடையது. சொல்லுக்கு நடுவில் நான் மூச்சு எடுக்கிற இடமும் என்னுடையது. நான் முன்பு அனுப்பிய வொய்ஸைப் போட்டுக் கேட்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் நான் ஒருநாளும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கியது. "எத்தனை தரம் சொல்றது? மூளை இருக்கா உனக்கு? வாசிக்கலைன்னா உன்னைக் கொண்டுபோய் விட்டுருவாங்க. அம்மாவுக்கு அங்க வர ஏலாது. வாசி!" உடனே சிந்தாவின் குரல் பதில் சொன்னது: "வாசிக்கிறன் ரீச்சர். கடலில்... ஒரு... பக்கல்..."

யன்னலால் பார்த்தேன். சிந்தா கதிரையில் நிமிர்ந்து இருந்தாள், முன்னால் கொப்பி. தாய் அவளுக்குப் பின்னால் நின்றார், கையில் போன். ரீச்சர் கேட்டதும், பிள்ளை சொன்னதும் அந்த ஒரு வாயால்தான். அதையாவது நான் ஓரளவு எதிர்பார்த்துத்தான் போனேன். எதிர்பாராதது சிந்தாவின் வாய். அது தாயின் குரலுக்குச் சரியாக அசைந்துகொண்டிருந்தது. பக்கல் என்ற இடத்தில் உதடு தடுக்கியது, நின்றது, திருத்தியது. சத்தம் மட்டும் இல்லை.

நான் கூப்பிடவில்லை, எப்படியோ தாய் திரும்பிப் பார்த்தார். திடுக்கிடவில்லை, வெட்கப்படவும் இல்லை. "வாங்க, உக்காருங்க" என்றார். என் குரலில்தான். சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டிருக்க வேண்டும். கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருடைய சொந்தக் குரல் திரும்பி வரக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"நான் சொன்னாக் கேக்கிறாள் இல்லை ரீச்சர், நீங்கள் சொன்னாத்தான் கேப்பாள். அதுதான் உங்கட குரலை எடுத்தனான்."

"சரி. அவ குரலை ஏன் எடுத்தீங்க?"

"முதல் கிழமை அவவைத்தான் வாசிக்க விட்டனான். காலமை தொடங்கி மத்தியானம் வரைக்கும் ஒரு சொல்லு. அவர் முற்றத்தில இருந்து பாத்துக்கொண்டிருக்கிறார். சோறு வைக்க வேணும், போனில சார்ஜ் முடியுது. ஒருநாள் பொறுக்காமல் நானே சொல்லி அனுப்பிப்போட்டன். நீங்கள் 'மிக நன்று' எண்டு போட்டீங்கள். எனக்கு ஆரும் அப்பிடிச் சொல்லி எவ்வளவு காலம் ரீச்சர்!"

அவரை ஏசத்தான் வாயைத் திறந்தேன். ஏசவில்லை. "இந்த அறிக்கையை மாத்தாதேங்கோ. மாத்தினா அவர் பிள்ளையைக் கொண்டுபோயிடுவார்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதற்காகத்தான் பேசாமல் வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அறிக்கையில் முதல் பெயர் பொய் என்று வலயக் கந்தோருக்குப் போய்ச் சொல்ல எனக்கும் துணிவு இருக்கவில்லை. இரண்டும் உண்மை. அடுத்த நாள் வொய்ஸ் வந்தது, நான் 'மிக நன்று' என்று போட்டேன். யாருக்குப் போட்டேன் என்று எனக்கே தெரியாது.

அதற்குப் பிறகுதான் மற்ற வொய்ஸ்கள் வரத் தொடங்கின. பாடம் முடிந்த பிறகும் அந்தக் குரல் நிற்காது. "ரீச்சர், அம்மாவுக்கு இண்டைக்கு நாரி நோ, இடுப்பைப் பிடிச்சுக்கொண்டுதான் நடக்கிறா. ஆனா ஒருத்தருக்கும் சொல்லேல்லை." இன்னொரு நாள்: "ரீச்சர், அம்மா கிணத்தடியில நிண்டு அழுதவா. ஏன் எண்டு எனக்குத் தெரியேல்லை." சிந்தாவின் மூக்குக் குரல்தான், அதே ஈரம்தான். கதைக்கிறது தாய்தான் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு ஒன்பது வயதுப் பிள்ளை தன் அம்மாவை நினைத்துக் கவலைப்படுவதாகவே அது கேட்கும். ஒருதரம் போன் எடுத்து, "உங்களுக்கு என்னங்க செய்யுது?" என்று நேரே கேட்டேன். "எனக்கு என்ன ரீச்சர், நல்லா இருக்கிறன்" என்றார், கலகலவென்று, தன்னுடைய குரலில். களைப்பைச் சொல்ல அவருக்குப் பிள்ளையின் வாய்தான் இருந்தது.

பள்ளிக்கூடம் திறந்த நாள் சிந்தாவை என் பக்கத்தில் இருத்தி, அந்த மூன்று வரியை முன்னால் வைத்தேன். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து வாசித்தாள். உதடு அழகாக அசைந்தது. முடிந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தாள், 'மிக நன்று' என்று சொல்வேன் என்று. அறையில் ஒரு சத்தம் இல்லை. வாசிப்பது என்றால் வாயை அசைத்துவிட்டு, குரல் வேறெங்கேயாவது இருந்து வரும் என்று காத்திருப்பதுதான் என்று அந்தப் பிள்ளை பழகிவிட்டது. அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று அன்றைக்கு நன்றாகவே உறைத்தது.

என் அறிக்கையின்படி அதிபர் அவளை நாலாம் ஆண்டில் போட்டார். எவ்வளவோ மன்றாடித் திரும்பக் கேட்டேன். "நீங்கள்தானே எழுதினீங்கள்" என்றார். முன்பு பன்னிரண்டு எண்ணினால் பதில் சொல்லுகிற பிள்ளை, இப்போது நூறு எண்ணியும் சொல்லவில்லை. மூன்றாவது கிழமை அந்த வகுப்பு ரீச்சர் தகப்பனைக் கூப்பிட்டு, "பிள்ளை ஒரு சொல்லும் கதைக்கிறதில்லை, வாய் மட்டும்தான் அசையுது" என்று சொல்லிவிட்டார். அந்த மனுஷன் என் அறையைக் கடந்து போகும்போது ஒருக்கால் நின்று என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போனார். கேட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

அடுத்து வந்த சனிக்கிழமை காலை ஒன்பது மணிபோல போன் அடித்தது. ஜெசிந்தா.

"ரீச்சர், நான்தான்." தாயின் குரல்.

"சொல்லுங்க, சிந்தா அம்மா."

"இவர் நாளைக்குப் பூசை முடியப் பிள்ளையை இல்லத்துக்குக் கொண்டுபோறார். உடுப்பு அடுக்கிப்போட்டார்." நீண்ட இடைவெளி. கவரேஜ் அறுந்ததோ என்று பார்த்தேன், அறவில்லை. "நீங்கள் வந்து சொல்லுங்கோ." இன்னும் நீண்ட இடைவெளி. "களைச்சுப் போச்சு ரீச்சர். இனி ஏலாது."

அவர் தன் சொந்தக் குரலில் 'ஏலாது' என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. போட்டிருந்த உடுப்போடு ஸ்கூட்டியை எடுத்தேன்.

வாசல் கதிரையில் ஒரு பை இருந்தது. தகப்பன் முற்றத்தில் நின்றார். நான் வாய் திறக்க முன்னமே, "வாசிக்கிறாள் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்" என்றார்.

"ஆமா. பொய்னு தெரிஞ்ச பிறகும் சொன்னேன். தப்பு என்னோடது. அதுக்குப் பிள்ளையை அனுப்பாதீங்க. என் வகுப்பில விடுங்க, நான் முதல்ல இருந்து தொடங்கிறேன். அவங்களயும் கூப்பிடுங்க, மூணு பேரும் இருந்து பேசுவோம்."

"அவ எங்க இருக்கிறா ரீச்சர்? வியாழக்கிழமை கிணத்தடியில மயங்கி விழுந்தவ. ஆசுப்பத்திரியில படுத்திருக்கிறா. உடம்பில ஒண்டும் இல்லையாம், நித்திரை இல்லையாம், சாப்பாடு இல்லையாம் எண்டு டொக்டர் சொல்லுறார். அவ வர முதல் இவளைக் கொண்டுபோய் விட்டா, அவ கொஞ்சமாவது படுத்தெழும்புவா. இல்லாட்டி எனக்கு ரெண்டு பேரும் இல்லாமல் போயிடும்."

"காலையில அவங்க எனக்கு போன் பண்ணாங்களே" என்றேன்.

"போன் இஞ்சயெல்லோ கிடக்கு. அவவைத் தூக்கிக்கொண்டு ஓடேக்க ஆர் போனை எடுத்தது?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். சிந்தா கதவு நிலையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். போன் அவள் கையில் இருந்தது, அதன் வெளிச்சம் இன்னும் அணையவில்லை.

"சிந்தா, எனக்கு போன் எடுத்தது யாரு?"

தகப்பன் ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். கூரையைப் பார்த்தாள். விரல்களைத் தொட்டுக்கொண்டே போனாள். கடற்காற்று கிடுகு வேலியைப் பிடித்து உலுப்பியது. யாரும் அவளுக்காகப் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நான் எண்ணவில்லை. பிறகு அவள் வாய் திறந்தது. அந்தச் சின்ன நெஞ்சுக்குள் இருந்து முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கதைத்தாள்.

"பிள்ளையை அனுப்பாதேங்கோ" என்று தகப்பனைப் பார்த்துச் சொன்னாள். "பிள்ளை பிந்தித்தான் கதைப்பா. நான் அவவுக்கு முந்திக் கதைச்சுப்போட்டன். பிழை என்னிலதான். கொஞ்சம் பொறுங்கோவன்."

பயந்தேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தாய் தனியே இருந்து புலம்பியதைக் கேட்டுச் சொன்னாளோ, தானே யோசித்துச் சொன்னாளோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. தகப்பன் அப்படியே மணலில் குந்திவிட்டார். கொஞ்சநேரம் முகத்தைப் பொத்திக்கொண்டு இருந்தார். பிறகு எழும்பிப் பையைத் திறந்து உடுப்புகளை வெளியே எடுக்கத் தொடங்கினார்.

"சரியப்பா, அனுப்பேல்லை" என்றார். பெண்சாதிக்குச் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னார்.

ஒரு கிழமை கழித்துத் தாய் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். இன்னும் மெலிந்திருந்தார். சிந்தா என் அறையில் மற்றப் பிள்ளைகளோடு இருந்தாள். அதிபர் ஒருவழியாக இறங்கி வந்து அவளைத் திரும்ப என்னிடம் விட்டிருந்தார். தாய் பகிடி ஒன்றும் விடவில்லை. யாருடைய குரலையும் எடுக்கவில்லை.

"என்ர குரலில கதைச்சவளாம்" என்றார். "எனக்கு முன்னால கதைச்சுக் காட்டு எண்டா மாட்டாளாம். இவருக்கும் சொல்லத் தெரியேல்லை, நினைச்சா அழுறார். நீங்கள் சொல்லுங்கோ ரீச்சர். எப்பிடி இருந்தது?"

"உங்க குரலேதாங்க. போன்ல எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல."

"அது வரும். என்ர பிள்ளைதானே." சேலைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விரித்தார். "கலகலப்பாக் கதைச்சவளா? நான் கதைக்கிற மாதிரி?"

பொய் சொல்லியிருக்கலாம். அந்த வீட்டுக்காக நான் சொன்ன பொய் போதும் என்று நினைத்தேன். "இல்லைங்க" என்றேன். "ரொம்பக் களைச்ச குரல். இனி ஏலாதுன்னு சொன்னா."

அவர் யன்னலால் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பேசாமல் நின்றேன். உள்ளே சிந்தா மணல் தட்டில் விரலை வைத்து ஏதோ எழுத்தைக் கீறி அழித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அவவுக்கு முன்னால அந்தக் குரலில ஒருநாளும் கதைக்கேல்லை ரீச்சர்" என்றார் அவர். "ஒருத்தருக்கு முன்னாலயும் கதைக்கேல்லை."